கல்லாற்றுக் காட்டுப்பயறு

சுசீலாபாய்க்குக் கல்யாணம் ஆனபோது முப்பது வயது தாண்டியிருந்தது. நெய்யூரில் உபதேசியாராக இருந்த அவளுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து வெகுகாலம் கட்டிலோடு கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், கஞ்சி புகட்டுவதும், துணி அலசுவதுமாக அவளுடைய கல்யாண வயது கரைந்து போயிற்று. அவர் கண்ணை மூடிய பிறகு சபையார் கூடிப் பேசி, திருவனந்தபுரத்தில் மராமத்து இலாகாவில் ரோடு ஓவர்சியராக இருந்த தாசையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தாசையனும் நாற்பதைக் கடந்தவர். தங்கச்சிமார் எல்லோரையும் கரையேற்றிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கலாம் என்று இருந்ததில் காதோரம் நரைத்துவிட்டது.

இரண்டு பேருக்கும் நடுவே சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. நந்தன்கோட்டில் சரிவான ஒரு பறம்புத் தோட்டத்தின் நடுவே அவர்கள் குடியிருந்த ஓட்டு வீடு. தாசையனுக்கு வேலை பொன்முடி ரோட்டில். மழைக்குச் சரியும் மண்ணை அள்ளிப் போடவும், ஆற்றோரக் கைச்சுவரைக் கட்டவும் ஆள் வைத்து வேலை வாங்கிக்கொண்டு, மாதத்தில் பெரும்பகுதி கல்லாற்றங்கரைக் கொட்டகையிலேயே தங்கிவிடுவார். யுத்தகாலம், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியைப் புகைத்து ஓட்டிய பஸ்ஸில் சனிக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் புகைபடிந்து வந்து இறங்குவார். குளிப்பார், சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஆராதனைக்குப் போவார். மறுநாள் காலையில் கிளம்பிவிடுவார்.

"குழம்பு போதுமா?"

"போதும்."

அதற்குமேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும், என்ன நினைத்தாரோ, "கல்லாறு பாத்ததில்லையே, வாறியா?" என்று கேட்டார். போனாள். பாறைகளுக்கு நடுவே கண்ணாடியாக ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். காலை நனைத்தாள். கொட்டகையில் அவருக்குச் சமைக்கும் ஆள் கொடுத்த பாலில்லாத கட்டங்காப்பியைக் குடித்தாள். திரும்பும் வழியில்தான் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

கரையோரத்து ஈற்றை மூங்கில் புதரின்மேல் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருந்தது. மூன்று மூன்றாக இலை. தண்டெல்லாம் மெல்லிய ரோமம். பார்த்தால் வீட்டுப் பயற்றுக்கொடிதான். ஆனால் பூ அப்படி இல்லை. கத்தரிப்பூ நிறத்தில், இரண்டு விரல் சேர்த்த அகலத்துக்கு விரிந்திருந்தது. நடுவில் யானைக்குட்டி தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டதுபோல ஒரு முறுக்கு. ஒரு கருவண்டு வந்து உட்கார்ந்ததும் அந்த முறுக்கு அசைந்துகொடுத்தது. சுசீலா பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல வந்த தாசையன், சொல்லாமல் அவரும் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது அவர் கையில் அந்தக் கொடி இருந்தது. வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கரிவண்டியின் சூட்டில் அது வெந்த கீரையாகியிருந்தது. நட்டு வைத்துப் பார்த்தாள். இரண்டு நாளில் கருகிப்போயிற்று.

"ஆத்து வெள்ளம் குடிச்சு வளந்ததில்லா," என்றாள், அவர் மனம் நோகக் கூடாதென்று.

அதற்கும் அடுத்த தடவை அவர் காய்ந்த காய்களைக் கொண்டுவந்தார். பென்சில்போல மெலிந்து நீண்ட காய்கள். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நெடுமங்காடு தாண்டியதும் பைக்குள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்துவிட்டதாம்.

"பக்கத்தில இருந்த ஆளு ஒரே சாட்டமா எந்திரிச்சுட்டாரு. சாரே, உங்க பையில என்னவாக்கும்னு கேக்காரு. நான் என்னன்னு சொல்ல? பயறுன்னேன். அவரு நம்பல."

சுசீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். கோட்டுப் பையை வெளியே இழுத்து, நூலும் தூசியுமாகக் கிடந்த கறுத்த மணிகளை இரண்டுபேரும் சேர்ந்து பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார்கள்.

பறம்பில் பலாவும் மாவும் அடர்ந்து நின்றதால் வெயில் தரையில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அடுக்களைக்குப் பின்னால், கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே. அங்கே மண்ணைக் கொத்தி விதையைப் போட்டாள். நாளும் தண்ணீர் விட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், போட்ட விதை போட்டபடியே கல்லுமாதிரி கிடந்தது.

வேலிக்கு அந்தப்புறம் பாருக்குட்டியம்மாவின் வீடு. புருஷன் பட்டாளத்தில் போயிருந்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு மச்சினி, ஒரு பசு. பாருக்குட்டியம்மா வேலிமேல் கையை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"மோளே, அது காட்டில முளைக்கிற சாதனமல்லே? நாட்டில முளைக்கில்லா."

"முளைக்கும் சேச்சி," என்றாள் சுசீலா. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அம்மியடியில்தான் காரியம் தெரிந்தது. சிரட்டையிலிருந்து சிந்திய மணி ஒன்று எப்படியோ குழவிக்கு அடியில் அகப்பட்டுத் தோல் உரசிப்போய், அம்மி கழுவிய தண்ணீரில் கிடந்து முளைவிட்டிருந்தது. வெள்ளை முளை, கொக்கிபோல. அவள் அம்மிமுன் குத்தவைத்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு மீதி மணிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் செங்கல்லில் லேசாகத் தேய்த்தாள். உள்பருப்பு நசுங்காமல், மேல்தோல் மட்டும் கீறுகிற அளவுக்கு. சுடுகஞ்சி ஆறுகிற பதத்தில் தண்ணீர் எடுத்து ஊறப்போட்டாள். உப்பியதை நட்டாள், உப்பாததை மறுபடியும் தேய்த்தாள். அந்த வாரம் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை எழும்பிற்று.

சனிக்கிழமை தாசையன் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல், "இஞ்ச வந்து பாருங்க," என்று கூப்பிட்டுப்போய்க் காட்டினாள். குனிந்து பார்த்தவர், "கொள்ளாமே," என்று மெச்சினார். சாப்பிடும்போது இன்னொரு தடவையும் சொன்னார்.

வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் கொடி நட்டுவைத்த கொம்பெல்லாம் ஏறிப் பந்தல்போல் மூடிக்கொண்டது. ஆசையில் அவள் பாருக்குட்டியம்மாவின் தொழுவத்துச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டினாள். இலை தழைத்தது; இலைமேல் இலை தழைத்தது. பூ மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அதோடு இளங்குருத்தில் கறுத்த பேன் அப்பி, எறும்பு ஊர்வலம் தொடங்கிவிட்டது. விடிந்ததும் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டினாள். பேன் மொய்த்த நுனிகளை விரலால் வழித்துக் கழுவினாள்.

"பயறல்லே மோளே?" என்றாள் பாருக்குட்டியம்மா. "வளம் கூடியா இல மாத்திரம். பட்டினி போடணும். அப்பத்தான் பூக்கும்."

சாணம் போடுவதை நிறுத்தினாள். தண்ணீரையும் குறைத்தாள். கை துறுதுறுவென்று வரும், அடக்கிக்கொள்வாள். அத்தனை வருஷம் ஒருவரை ஓயாமல் கவனித்தே பழகியவளுக்குக் கவனிக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. புரட்டாசி பிறந்து வெயில் வந்தது. ஒருநாள் காலை பல் துலக்க வெளியே வந்தவள் வாயில் உமிக்கரியோடு அப்படியே நின்றாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூ. அடுத்த நாள் ஏழெட்டு. அதற்கப்புறம் எண்ணவில்லை. காலையில் மலரும், பொழுது சாயும்போது வெளிறி மஞ்சளாகும். மணமில்லை. தலையில் வைத்தால் நிற்காது. ஆனாலும் வண்டு தேடிவந்தது. தெருவில் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சம் வீட்டுக்குள் வந்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடைகள் பாதிக்கதவை மூடிக்கொண்டு, தெரிந்த முகத்துக்கு மட்டும் அளந்தன. பிறகு ரேஷன் வந்தது. அந்த அரிசி கல்லும் புழுவுமாக இருந்தது. அதுவும் வாரக் கடைசிக்கு எட்டாது. நகரம் முழுக்கப் பூந்தோட்டத்தைக் கொத்தி, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை நட்டார்கள்.

தாசையன் அந்தச் சனிக்கிழமை ஒரு கட்டு மரச்சீனிக் கம்போடு வந்தார். தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, கிணற்றடியில் நின்று கொடியைப் பார்த்தார்.

"இந்த எடத்தில இத நடணும். வேற எங்கயும் நெழலு."

"அங்ஙன கொடி நிக்கே," என்றாள் சுசீலா.

"அதப் பறிச்சுக் களஞ்சிரு. மழ தொடங்குமுன்ன நட்டாத்தான் பிடிக்கும்."

"மாட்டேன்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. அப்பாவிடம் சொன்னதில்லை, சபையாரிடம் சொன்னதில்லை, இவரிடமும் இந்தச் சொல்லை அதுவரை சொன்னதில்லை. தாசையன் அவளைப் பார்த்தார். பிறகு கம்புக்கட்டை எடுத்து இறவாரத்தின் நிழலில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு குடையில் ஆராதனைக்குப் போய், ஒரு குடையில் திரும்பினார்கள். திங்கட்கிழமை அவர் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த நாட்களில் சுசீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூவைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். திரும்பினால் கம்புக்கட்டு கண்ணில்படும். பாருக்குட்டியம்மா வீட்டில் கஞ்சி வரவர நீர்த்துப் போவது வேலிக்கு இந்தப்புறமிருந்தே தெரிந்தது. பிள்ளைகள் பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்கும். நான் என்ன பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைப்பாள். கொடியருகே போவாள். கையை வைப்பாள். பறிக்க மனம் வராது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிடுவாள்.

அவள் முடிவு செய்வதற்குள் பசு முடிவு செய்துவிட்டது. வைக்கோலுக்கும் தட்டுப்பாடு வந்து எலும்பெடுத்துப் போயிருந்த பசு, ஒரு மத்தியானம் கயிற்றை அறுத்து, வேலியை முட்டிச் சரித்துக்கொண்டு உள்ளே வந்தது. சுசீலா ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்தபோது பந்தல் கவிழ்ந்து கிடந்தது. பசு கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது. பாருக்குட்டியம்மா ஒரு கையில் அறுந்த கயிறோடு, மறுகையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மோளே, ஞான் கெட்டித்தான் இட்டிருந்தேன். கயிறு பொட்டிப்போச்சு. எல்லாம் நசிச்சு. ஞான் எந்தா செய்வேன்!" கண்ணீர் மளமளவென்று கொட்டியது. "இனி உன் முகத்தில எப்படி முழிப்பேன்?"

சுசீலா பசுவைப் பார்த்தாள். விலா எண்ணலாம்போல இருந்தது. அதன் கடைவாயில் பாதிப்பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கும் பசிக்காதா சேச்சி," என்றாள். "கொண்டுபோங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கொடிக்காக என்றுதான் தொடங்கினாள்; அப்பா செத்தபோது அழாததெல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆனமட்டும் அழுது முடித்து முகம் கழுவினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். கம்புகள் முக்கால்வாசி இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. நகத்தால் கீறினால் பால் வந்தது. இனியும் வைத்திருந்தால் அதுவும் பாழ்.

மண்ணைக் கூட்டிக் கூனையாக மேடு பிடிக்கும்போது மண்வெட்டி எதிலோ மெத்தென்று பட்டது. குனிந்து கையால் மண்ணை விலக்கினாள். கொடியின் அடித்தூரில் வேர் விரல்தண்டிக்குப் பருத்து, சின்னக் கிழங்காக இறங்கியிருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் ஈரம் கசிந்தது. மேலே எல்லாம் தின்னப்பட்டுப் போயும் கீழே அது உயிரோடு இருந்தது. அவள் வெட்டுப்பட்ட இடத்தில் சாம்பலைத் தூவி, குழந்தையைப் போர்த்துகிற மாதிரி மண்ணைத் தள்ளி மூடினாள். அதை ஒட்டினாற்போல், இரண்டு முழம் விட்டு இரண்டு முழம் விட்டு, மரச்சீனிக் கம்புகளை நட்டாள்.

ஐப்பசியின் துலாவருஷ மழை ஒவ்வொரு சாயங்காலமும் இடியோடு வந்தது. கம்புகளின் கணுவில் சிவப்புத் துளிர் கண்டது. பத்துப் பதினைந்து நாளில் அவற்றின் நடுவே மூன்று இலைத் துளிர் ஒன்றும் எழும்பியது, பிறகு இன்னொன்று. பக்கத்தில் கொம்பு தேட வேண்டியிருக்கவில்லை. மரச்சீனித் தண்டைப் பிடித்துச் சுற்றிக்கொண்டது.

அதில் ஒரு சிரமம் இருந்தது. விட்டால் மரச்சீனியின் தலையை மூடி அமுக்கிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை கொடியைத் திருப்பி விடுவதுதான். மரச்சீனிக் குருத்தை நோக்கிப் போகிற நுனியைப் பதமாகப் பிரித்து, கீழ்த்தண்டுக்கு இறக்கி, அடுத்த மூட்டுக்கு, அதாவது அடுத்த செடிக்கு, பக்கவாட்டில் நடத்துவாள். பலமாக இழுத்தால் நுனி ஒடியும். அது சுற்றுகிற திசையிலேயே சுற்றிவிட்டால் கேட்டுக்கொள்ளும்.

இடையில் தாசையன் மழை காரணமாக வராமலே இருந்து, ஒரு சனிக்கிழமை வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நேரே கிணற்றடிக்கு வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். சுசீலா பசு வந்த கதையைச் சொன்னாள். கம்பை நட்டதைச் சொன்னாள். அவர் கிணற்றின் கைச்சுவரில் உட்கார்ந்தார்.

"ரோட்டில கல்லு சொமக்கிற பொம்பள ஒருத்தி, கூடையோட அப்படியே உக்காந்துட்டா," என்றார். "என்ன தின்னேன்னு கேட்டேன். வெறும் வெள்ளம் குடிச்சேங்கா. அன்னைக்குத்தான் கம்ப வெட்டிக் கெட்டினேன். நம்ம வீட்டில அப்படி ஒரு நாளு வந்திரப்பிடாதுன்னு. அத உங்கிட்ட சொல்லத் தெரியல. பறிச்சுக் களன்னு சொல்லத்தான் தெரிஞ்சுது."

சுசீலா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் சொல்லத் தெரியல," என்றாள். "எங்க வீட்டில நான் வச்சதுன்னு ஒண்ணும் கிடையாது. இருந்ததப் பாத்துக்கிட்டதுதான் எல்லாம். இது நான் வச்சது. அதான் வாயில அப்படி வந்திட்டு."

"நல்ல காரியம்."

"எது?"

"வந்தது," என்றார் தாசையன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அந்தப் பொம்பளையின் பெயரைச் சொன்னார், திரவியம் என்று. அவளுக்குத் தன் சோற்றில் பாதியைக் கொடுத்ததையும், மறுநாளிலிருந்து கொட்டகைக் கஞ்சியை எல்லோருக்கும் பொதுவாகக் காய்ச்சச் சொன்னதையும் சொன்னார். அவர் ஒட்டிப்போனதன் காரணம் அப்போதுதான் சுசீலாவுக்குப் புரிந்தது. மறுவாரத்திலிருந்து அவர் போகும்போது அவித்த காய்ச்சில் கிழங்கு, சக்கைக்குரு என்கிற பலாக்கொட்டை, எது கிடைக்கிறதோ அதை ஓலைப்பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினாள். அவர் வந்தால், "திரவியத்துக்கு எப்படியிருக்கு?" என்று கேட்பாள். அவர் சொல்லுவார். அப்படியே வேறு பேச்சும் வந்தது.

மார்கழியில் மரச்சீனிக் காட்டுக்குள் மறுபடி கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. கோடையில் கொடி வாடிக் கீழே ஒடுங்கி, இடவப்பாதியில் திரும்ப எழும்பிற்று. ஆவணியில் கிழங்கு பறிக்கும் பருவம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கொடி தண்டுக்குத் தண்டு பாய்ந்து, கணுவுக்குக் கணு மொட்டு வைத்துத் தொங்கியது. மரச்சீனியைப் பிடுங்கினால் அது அறுந்துபோகும்.

"நீங்க கொடியக் கையில ஏந்திக்கிட்டா நான் பைய மண்ண எளக்கிப் பறிச்சிருவேன்," என்றாள் சுசீலா.

தாசையன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். அவள் தண்டிலிருந்து கொடியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து அவருடைய இரண்டு கைகளிலும் தோளிலும் இட்டாள். ரோட்டில் நூறுபேரை விரட்டி வேலை வாங்குகிற ஓவர்சியர், தலையிலும் கழுத்திலும் மொட்டும் இலையுமாக, மூச்சுவிடவும் யோசித்துக்கொண்டு நின்றார்.

வேலிக்கு அப்புறம் பாருக்குட்டியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். முதல் மூட்டின் கிழங்கு, முழங்கைத் தண்டிக்கு, அவள் பக்கம் வேலிக்கு மேலே போயிற்று.

"அசையாதீங்க," என்றாள் சுசீலா, மண்ணுக்குள் கையை விட்டபடி.

"அசையல."

"கை வலிக்கா?"

"இல்ல."

"இன்னும் நாலு மூடு இருக்கு."

"பைய பறி," என்றார் அவர்.